சிவப்புக் கயிறும் 26 டாலரும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. கோப்பி ஏதும் கலக்கி வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டுத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் நேரிலேயே வந்து திட்டலாம். வெள்ளி, சனி இரவில் நாங்கள் அன்னதானக் கூடத்தில்தான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்போம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் வெள்ளிக்கிழமை இரவுப் பூஜை முடிந்து கூட்டம் கலைகிற நேரம். நம் கோயிலுக்கு வழக்கமாக வருகிற அக்கா ஒருவர் அர்ச்சனை கவுண்ட்டர் பக்கம் வந்து நின்றார். அவர் கணவருக்கு ஒன்றரை வருஷமாக டயாலிசிஸ். கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி வைத்திருந்தார். திறந்தால் உள்ளே சிவப்புக் கம்பளி நூல், ஒரு போத்தல் தண்ணீர், ஆங்கிலத்தில் அச்சடித்த ஓர் அட்டை. "தம்பி, இதை அம்மன் பாதத்தில் வைத்துத் தரச் சொல்வீங்களா? இது கப்பாலா கயிறு. பெரிய பெரிய ஸ்டாருங்க எல்லாம் கட்டுறாங்களாம்" என்றார். விலை கேட்டோம். இணையத்தில் வாங்கினாராம், தபால் செலவோடு 68 வெள்ளி.

எங்களுக்குச் சட்டென்று ஒன்றும் சொல்ல வரவில்லை. சிரிக்கவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை. ஐயரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவரும் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி வைத்தார்.

அன்றிரவு வீட்டுக்குப் போய் இந்தக் கப்பாலா என்பது என்ன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தோம். மூன்று வாரம் படித்தாகிவிட்டது. படித்ததையும் எங்களுக்குத் தோன்றியதையும் எழுதுகிறோம். (சிலர் காதில் கபாலி, கபாலீஸ்வரர் என்று விழும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.)

கப்பாலா என்பது யூத மதத்தின் ஞான மார்க்கம். எபிரேய மொழியில் அந்தச் சொல்லுக்கு 'பெற்றுக்கொண்டது' என்று பொருள். கொடுக்க ஒருவர், வாங்க ஒருவர் என்று குருவிடமிருந்து சீடனுக்கு வருவது. அதன் முக்கியமான நூல் ஸோஹர். 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் வெளிப்பட்டது, பெரும்பாலும் அராமிய மொழியில் இருக்கிறது. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷிமோன் பார் யோகாய் என்ற ரிஷி மாதிரியான ஒரு பெரியவர் அருளியது என்பது அவர்கள் மரபு. ஸ்பெயினில் இருந்த மோசே டி லியோன் என்பவர் எழுதியது என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து. நமக்கு இது புதுசு இல்லை. நம் நூல்களுக்கும் மரபு ஒரு காலம் சொல்லும், பேராசிரியர் வேறு காலம் சொல்வார்.

1492இல் ஸ்பெயின் அரசு யூதர்களை நாட்டை விட்டே துரத்தியது. துரத்தப்பட்டவர்களின் வழியில் வந்த பல பெரியவர்கள் பிறகு கலிலேயாவில் சஃபேத் என்ற மலை ஊரில் சேர்ந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்தான் கப்பாலாவுக்குத் தலைநகர் மாதிரி. ஐசக் லூரியா என்ற மகான் 1570இல் அங்கே வந்து, 1572இல் 38 வயதில் இறந்துபோனார். இரண்டே வருஷம்தான் அங்கே போதித்தார். இன்றைக்கு வரை கப்பாலா படிக்கிறவர்கள் பெரும்பாலும் அவர் வழியில்தான் படிக்கிறார்கள்.

அந்த ஞானத்தில் இறைவனுக்கு 'முடிவில்லாதது' என்று பெயர். அதைப் பேச முடியாது, நினைக்க முடியாது. அதிலிருந்து பத்துப் படிகளாக அருள் இறங்கி உலகத்துக்கு வருகிறது என்கிறார்கள். இதைப் படிக்கும்போது நமக்கு அருவம், அருவுருவம், உருவம் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். ஆனால் 'எல்லாம் ஒண்ணுதான்' என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. அவர்களுடையது அவர்களுடையது.

இதைப் படிக்க அவர்கள் வைத்திருந்த தகுதிதான் எங்களை யோசிக்க வைத்தது. வேதத்தையும் சட்ட நூல்களையும் முதலில் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். கல்யாணமாகிக் குடும்பஸ்தனாக இருக்க வேண்டும். சில சமூகங்களில் 40 வயது ஆகியிருக்க வேண்டும். அதோடு அன்றாட நியமம் இருக்கிறது: சாப்பாட்டில் கட்டுப்பாடு, வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் சனிக்கிழமை இரவு வரை வேலை கிடையாது, நெருப்பு மூட்டக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது. இத்தனையும் செய்துகொண்டே இருக்கிறவனுக்குத்தான் மேல் பாடம்.

நம் சிங்கப்பூரிலேயே வாட்டர்லூ ஸ்திரீட்டில் அவர்களுடைய ஆலயம் இருக்கிறது. மகேன் அபோத் என்று பெயர், 1878இல் திறந்தது. அதே தெருவில்தான் நம் ஸ்ரீ கிருஷ்ணன் கோயில், பக்கத்திலேயே சீனர்களின் குவான் இம் கோயில். கிருஷ்ணன் கோயிலுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்த யூத ஆலயத்தைக் கவனித்திருப்போம்? நாங்களே இத்தனை வருஷமாக ஏதோ பழைய வெள்ளைக்காரன் கட்டடம் என்றுதான் நினைத்திருந்தோம். 1955இல் நம் முதல் முதலமைச்சராக இருந்த டேவிட் மார்ஷல் யூதர்தான். பாக்தாத் பக்கத்திலிருந்து வணிகத்துக்கு வந்த குடும்பங்களின் வழி. அந்த வாசலில் யாரும் சிவப்புக் கயிறு தொங்கவிட்டு நாங்கள் பார்த்ததில்லை.

அப்படியென்றால் இந்தக் கயிறு எங்கிருந்து வந்தது?

பெத்லகேமில் ராகேல் அம்மாளின் சமாதி இருக்கிறது. பைபிள் படித்தவர்களுக்குத் தெரியும், யாக்கோபின் மனைவி, ரொம்ப நாள் பிள்ளை இல்லாமல் இருந்து, பிறகு பிரசவத்திலேயே இறந்த தாய். பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் அங்கே போய் அழுவார்கள். சிவப்பு நூலை அந்தச் சமாதியைச் சுற்றி ஏழு தடவை சுற்றி, பிறகு துண்டு துண்டாக வெட்டிக் கையில் கட்டிக்கொள்வது அங்கே ஒரு மக்கள் வழக்கம். நம் ஊர்களில் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுகிறோமே, அந்த ரகம். இது பாட்டிமார்களின் பழக்கம், மகான்களின் ஞான நூலில் வருகிற சமாசாரம் இல்லை என்று பல ராபிகளே சொல்கிறார்கள். இன்னும் பாருங்கள், தொசெஃப்தா என்ற அவர்களின் பழைய சட்ட நூல், சிவப்பு நூல் கட்டுவதை அந்நிய ஜாதியாரின் மூடப்பழக்கம் என்று தள்ளி வைத்திருக்கிறது! கயிறு விற்றவர்கள் அட்டையில் அதை அச்சடிக்க மாட்டார்கள்.

கயிற்றை உலகம் பூராவும் விற்றது லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் 'கப்பாலா சென்டர்'. அதை வளர்த்தவர் பிலிப் பெர்க் என்ற ராபி, அவர் மனைவி கேரன். பெர்க் அதற்கு முன் நியூயார்க்கில் காப்புறுதி விற்றவர். காப்புறுதி விற்றவர் காப்புக் கயிறு விற்றார் என்று கேலி செய்ய வாய் வருகிறது, ஆனால் வேலையில் குறை இல்லை, நாங்களும் தொழிற்சாலைக்காரர்கள்தான். யூதராக இருக்க வேண்டாம், எபிரேயம் தெரிய வேண்டாம், நியமம் எதுவும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவைத் திறந்தார்கள். ஸோஹர் புத்தகம் இருபதுக்கும் மேற்பட்ட தொகுதிகள். எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வரிகளின் மேல் கண்ணை ஓட்டினாலே சக்தி வரும் என்றார்கள். கயிறு 26 டாலர். மந்திரித்த தண்ணீர் போத்தலில் தனி விலை. அமெரிக்காவில் பெரிய சங்கிலிக் கடை ஒன்றே இந்தக் கயிற்றை விற்றது. லண்டன் கிளை நடந்துகொண்ட விதத்தைப் பற்றி 2005இல் பிபிசி ஒரு விசாரணைப் படமே எடுத்துக் காட்டியது.

இத்தனைக்கும் விளம்பரம் நட்சத்திரங்கள்தான்.

மடோனா 1990களின் பிற்பகுதியில் அங்கே போக ஆரம்பித்தார். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 2002இல் ஜேம்ஸ் பாண்ட் படப் பாட்டின் வீடியோவில் கையில் எபிரேய எழுத்து, யூத ஆண்கள் காலைப் பிரார்த்தனையில் சுற்றிக்கொள்கிற தோல்வார் மாதிரி ஒன்றையும் சுற்றிக்கொண்டு தோன்றினார். 2004இல் எஸ்தர் என்று எபிரேயப் பெயர் வைத்துக்கொண்டார். அந்த வருஷம் யூதப் புத்தாண்டுக்கு ஆயிரக்கணக்கான கப்பாலா மாணவர்களோடு இஸ்ரேலுக்கே போனார். 2005இல் 'ஐசக்' என்று ஒரு பாட்டு வெளியிட்டபோது, லூரியா மகானின் பெயரை டிஸ்கோவில் இழுக்கிறார் என்று சஃபேத் ஊரில் ராபிகள் கொதித்தார்கள். அது தன்னோடு பாடிய ஐசக் என்ற பாடகரின் பெயர் என்று மடோனா விளக்கம் கொடுத்தார்.

அவரைப் பார்த்து பிரிட்னி ஸ்பியர்ஸ் வந்தார். பின்கழுத்தில் மூன்று எபிரேய எழுத்துப் பச்சை குத்திக்கொண்டார். 2006இல் 'நான் இப்போது கப்பாலா படிப்பதில்லை, என் குழந்தைதான் என் மதம்' என்ற கருத்தில் தன் இணையப்பக்கத்தில் எழுதிவிட்டு நகர்ந்தார். பச்சையையும் பிறகு லேசரில் அழித்தார். டெமி மூர், ஆஷ்டன் குச்சர், பாரிஸ் ஹில்டன், லிண்ட்சி லோகன் என்று கயிறு கட்டின மணிக்கட்டுகள் அந்த மூன்று நான்கு வருஷமும் பத்திரிகை பூராவும் தெரிந்தன. பந்து விளையாடுகிற டேவிட் பெக்கம் கையிலும் பார்த்தார்கள். பிறகு சீசன் முடிந்தது. கயிறு மட்டும் இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதுதான் நம் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

இதைப் படித்துவிட்டு 'வெள்ளைக்காரனுக்கு இதே வேலை' என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இவர்கள் யூதர்கள் கதவைத் தட்டுவதற்கு முன்னால் தட்டியது நம் கதவைத்தான். 1998இல் மடோனா வெளியிட்ட இசைத்தட்டில் சமஸ்கிருதத்தில் ஒரு பாட்டு இருக்கிறது. அந்த வருஷம் எம்டிவி விருது விழா மேடையில் நெற்றியில் வைணவ நாமம் போட்டுக்கொண்டு, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத உடையில் ஆடினார். உலக வைணவ சங்கம் கண்டனம் தெரிவித்தது. கையில் மருதாணி, நெற்றியில் பொட்டு என்று அந்த வருஷம் அமெரிக்காவில் எல்லாக் கடையிலும் பொட்டு விற்றது. அடுத்த சில வருஷத்தில் பொட்டு போய்க் கயிறு வந்தது. அன்றைக்கு நமக்கு வலித்தது என்றால், 2004இல் சஃபேத்தில் இருந்த கிழவருக்கும் அப்படித்தான் வலித்திருக்கும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நாங்கள் படிக்க ஆரம்பித்தபோது மடோனா மேல் கோபமாகத்தான் இருந்தோம். படிக்கப் படிக்கக் கோபம் குறைந்துபோனது. எஸ்தர் என்ற பெயரை ஏன் வைத்துக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணம், தன் அம்மாவைப் பற்றியது. அம்மாவின் பெயரும் மடோனாதான். 30 வயதில் மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார், அப்போது மகளுக்கு ஐந்து வயது. செத்துப்போன அம்மாவின் பெயரைச் சுமந்துகொண்டு வாழ்கிற பெண்ணுக்கு வேறொரு பெயரைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியிருக்கிறது. இதில் கேலி செய்ய என்ன இருக்கிறது? கோடி கோடியாகச் சம்பாதித்தாலும் அம்மா இல்லாத பிள்ளை அம்மா இல்லாத பிள்ளைதான். அவர் கட்டின கயிறு ஃபேஷனாகப் போயிருக்கலாம். கட்டத் தூண்டியது ஃபேஷன் மட்டும் இல்லை.

மலாவி நாட்டில் அவரும் பெர்க்கின் மகனும் சேர்ந்து ஆரம்பித்த அறக்கட்டளை, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டுகிறேன் என்று பல மில்லியன் டாலர் செலவழித்துவிட்டு 2011இல் கட்டாமலே கைவிட்டது. பெரிய பேச்சானது. ஆனால் அதற்குப் பிறகும் அவர் அந்த நாட்டை விடவில்லை. பிளான்டைர் நகரத்துப் பொது மருத்துவமனையில் குழந்தைகள் அறுவைசிகிச்சைக்கென்றே ஒரு கட்டடம் கட்டி 2017இல் திறந்தார். அது இன்றைக்கும் நிற்கிறது. நியாயமாகப் பேசினால் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இனி நம் கோயில் விஷயத்துக்கு வருகிறோம். கமிட்டியில் இருக்கிற நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போன மாதக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. கும்பாபிஷேகத்துக்கு நிதி சேர்க்க வேண்டும். அம்மன் பாதத்தில் வைத்த சிவப்புக் கயிற்றை அழகான பெட்டியில் போட்டு, ஆங்கிலத்தில் 'எனர்ஜி', 'பாசிட்டிவ்' என்றெல்லாம் எழுதி, 18 வெள்ளிக்கு விற்கலாம், இணையத்திலும் விற்கலாம், பிரபலங்கள் யாராவது கட்டிக்கொண்டு படம் போட்டால் இளைஞர்கள் வாங்குவார்கள் என்றார் ஒரு தம்பி. நல்ல பிள்ளை, கோயிலுக்காக ராத்திரி பகல் பார்க்காமல் உழைக்கிற பிள்ளை. மாதிரிப் பெட்டி ஒன்றையும் கொண்டுவந்து காட்டினார். உண்மையைச் சொன்னால் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அன்று நாங்கள் வேண்டாம் என்றோம், ஆனால் ஏன் வேண்டாம் என்று ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அந்த அக்கா கொண்டுவந்த அட்டைப்பெட்டியைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ரெண்டு பெட்டியும் ஒரே மாதிரி இருந்தன.

தம்பி கேட்ட கேள்வி நியாயமானதுதான். "அண்ணே, கதவை மூடி வைத்தால் யார் வருவாங்க? ராமாநுஜர் என்ன செய்தார்?" என்றார்.

ராமாநுஜரைப் பற்றி நமக்குத் தெரியும். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திர உபதேசம் வாங்க 18 முறை நடந்தார். கடைசியில் கிடைத்ததும், யாருக்கும் சொல்லாதே, சொன்னால் நரகம் என்று நம்பி எச்சரித்தார். ராமாநுஜர் கோபுரத்தின் மேல் ஏறி எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். இத்தனை பேர் கடைத்தேறினால் நான் ஒருவன் நரகத்துக்குப் போகிறேன் என்றார். கதவைத் திறப்பது தப்பு என்று எந்தத் தமிழ் பக்தனும் சொல்ல முடியாது. அந்த வகையில் பெர்க் தம்பதி பெண்களுக்கும் வேற்று மதத்தாருக்கும் சொல்லிக் கொடுத்ததை நாங்களும் குறை சொல்ல மாட்டோம். ஆனால் ராமாநுஜர் கோபுரத்திலிருந்து இறங்கி வந்து உண்டியல் குலுக்கவில்லையே. அவர் 18 தடவை நடந்தார், நாம் 18 வெள்ளி வாங்குகிறோம். நரகம் போனாலும் போகட்டும் என்று நஷ்டத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் அவர். பெட்டி விற்கிறதில் நஷ்டம் யாருக்கு? வாங்குகிறவருக்கு மட்டும்தான்.

நம் காப்புக் கயிறு என்பது என்ன? தீமிதிக்கோ திருவிழாவுக்கோ காப்புக் கட்டினால் அன்றிலிருந்து சைவச் சாப்பாடு, விரதம், ஊரை விட்டு வெளியே போகக்கூடாது, கல்யாணம் கருமாதி கிடையாது, கட்டிலில் படுக்கை கிடையாது. அவரவர் வழக்கப்படி கொஞ்சம் கூடும் குறையும். திருவிழா முடிந்ததும் காப்பை அவிழ்க்க வேண்டும், அதற்கும் ஒரு முறை உண்டு. இந்தக் கட்டுப்பாட்டுக்கு அடையாளம்தான் அந்த மஞ்சள் துண்டும் நூலும். விரதத்தை எடுத்துவிட்டுக் கயிற்றை மட்டும் கொடுத்தால், நூல்கண்டு தேக்கா கடையில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். எங்கள் ஃபேக்டரியில் பெட்டிக்குள் ஒன்று இருந்து வெளியே லேபிள் வேறாக ஒட்டிவிட்டால், பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த லாட் முழுவதையும் நிறுத்தி வைப்போம். 'எனர்ஜி' என்று லேபிள் ஒட்டுகிறோம். உள்ளே நாம் என்ன வைத்திருக்கிறோம்?

'பிரபலம் யாராவது உண்மையாகவே நம் வழிக்கு வந்தால் என்ன செய்வீங்க, விரட்டுவீங்களா?' என்று கேட்பீர்கள். வரட்டும். வந்தவர்கள் இருக்கிறார்களே. யூத மதத்தையே எடுத்துக்கொண்டால், ஸாமி டேவிஸ் ஜூனியர் என்று கறுப்பினப் பாடகர் ஒருவர். 1954இல் கார் விபத்தில் ஒரு கண்ணை இழந்தார். அதற்குப் பிறகு யூத மதத்தைப் படித்து முறைப்படி மாறினார். யூதராக மாறுவது சுலபம் இல்லை. ராபிகள் முதலில் வேண்டாம் என்றுதான் திருப்பி அனுப்புவார்கள், அது அவர்கள் வழக்கம். வருஷக்கணக்கில் படிப்பு, பிறகு மூன்று பேர் சபை முன் விசாரணை, நீரில் மூழ்கி எழுவது. ஸாமியைக் கறுப்பன் என்று ஏற்கெனவே ஏசியவர்களுக்கு அவர் யூதனும் ஆனது இன்னும் தோதாகப் போயிற்று. அவர் விடவில்லை. 'போர்கி அண்ட் பெஸ்' படப்பிடிப்பின்போது அவர்களின் பெரிய விரத நாளான யோம் கிப்பூர் அன்று நடிக்க வரமாட்டேன் என்றார். ஒரு நாள் படப்பிடிப்பை நிறுத்தினால் எவ்வளவு பணம் போகும், யோசித்துப் பாருங்கள். தயாரிப்பாளர் நிறுத்தினார்.

நம் பக்கம் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன். 1968இல் நாலு பேரும் ரிஷிகேஷ் போனார்கள், பத்திரிகைக்காரர்களும் பின்னாலேயே போனார்கள். நாலு பேரில் ஜார்ஜ் மட்டும் கிருஷ்ண பக்தியில் அப்படியே தங்கிவிட்டார். லண்டனுக்கு வெளியே அவர் 1973இல் ஹரே கிருஷ்ணா இயக்கத்துக்கு வாங்கிக் கொடுத்த மாளிகைதான் பக்திவேதாந்த மேனர். இன்றைக்கும் கிருஷ்ண ஜெயந்திக்கு ஆயிரக்கணக்கில் ஜனம் போகிறது, நம் சொந்தக்காரர்கள் லண்டனில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். 2001இல் இறக்கிற வரைக்கும் அவர் விடவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல். கேமரா எல்லாம் எப்போதோ வேறு இடத்துக்குப் போய்விட்டது.

கயிறு கட்டின ஆஷ்டன் குச்சரும் சீசன் முடிந்த பிறகும் படிப்பைத் தொடர்ந்ததாகத்தான் செய்தி. யார் நிற்பார், யார் போவார் என்று முதல் நாளே முகத்தைப் பார்த்துச் சொல்ல நமக்கு என்ன ஞானதிருஷ்டியா இருக்கிறது? அதனால்தான் வருகிறவர்களைப் பற்றி நாங்கள் பேசவில்லை. கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற நம்மைப் பற்றிப் பேசுகிறோம்.

26 டாலர் கொடுத்து வாங்கியவர்கள் எல்லோரும் ஃபேஷன் பைத்தியம் இல்லை. அதில் பாதிப் பேராவது நம் அக்கா மாதிரி, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போனில் தேடினவர்களாக இருப்பார்கள். பிரபலத்தின் கையில் இருப்பது நகை. அதைப் பார்த்து வாங்குகிறவர் கையில் அது மருந்தாகிவிடுகிறது. விற்கிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். தண்ணீர்ப் போத்தலை வேறு எதற்காகச் சேர்த்து வைக்கிறான்? நாளைக்கு நம் கோயில் பெட்டியையும் அப்படி ஒருவர் வாங்குவார். டயாலிசிஸ் நாளில் உடம்பு முடியவில்லை, கயிறு இருக்கிறதே என்று ஒரு தடவை போகாமல் விட்டால் அந்தப் பாவம் யார் கணக்கில் ஏறும்? தம்பி, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. மற்றதில் நாங்கள் விட்டுக்கொடுக்கிறோம்.

கும்பாபிஷேக நிதிக்கு எங்களிடமும் பெரிய யோசனை ஒன்றும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். பழையபடி சீட்டுப் புத்தகத்தோடு புளோக் புளோக்காக ஏறி இறங்கலாம். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருகிற நாளில் எங்களை விட்டுவிடுங்கள், மற்ற நாள் வருகிறோம்.

கயிறு வேண்டும் என்று கேட்கிற இளைஞர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்றும் சொல்லவில்லை. இப்போது கொடுக்கிற மாதிரியே குங்குமத்தோடு தட்டில் வைத்துக் கொடுப்போம். போடுகிறதை உண்டியலில் போடட்டும், போடாவிட்டாலும் போகட்டும். கூடவே ஒரு வார்த்தை, இதைக் கட்டினால் இந்த மண்டலத்துக்கு இதை இதைச் சாப்பிடாதே, செவ்வாய் வெள்ளி கோயிலுக்கு வா என்று ஐயர் வாயால் சொல்லட்டும். பத்துப் பேருக்குச் சொன்னால் எட்டுப் பேர் கயிற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். போகட்டும்.

அந்த அக்காவிடம் மறு வாரம் பேசினோம். மனசுக்குள் ஒரு பெரிய பிரசங்கமே தயார் பண்ணி வைத்திருந்தோம். இது யூத நூலிலேயே இல்லை, 68 வெள்ளி வீண், தண்ணீரைக் குடிக்காதீங்க, டயாலிசிஸ்காரருக்குத் தண்ணீர் அளவு என்று டாக்டர் சொல்லியிருப்பார் என்று. தண்ணீர் விஷயத்தை மட்டும் முதலில் சொன்னோம். "அதை அன்னிக்கே துளசிச் செடிக்கு ஊத்திட்டேன் தம்பி" என்றார். அக்கா நம்மைவிடக் கெட்டிக்காரர்.

பிறகு கையைக் காட்டினார். இடது மணிக்கட்டில் அந்தக் கயிறு, ஏழு முடிச்சு. நம்மேல் பாசம் வைத்திருக்கிறவர் கையால்தான் கட்ட வேண்டும் என்று அட்டையில் போட்டிருந்ததாம். கயிறு கணவருக்காக வாங்கினது. ஆனால் அவர் வாங்கி, "எனக்குக் கட்டி என்ன, நீ நல்லா இருந்தாத்தானே என்னைப் பார்த்துக்குவே" என்று சொல்லி மனைவி கையில் கட்டிவிட்டாராம். ஊசி குத்திக் குத்தி வீங்கின கை. ஏழு முடிச்சுப் போட அரை மணி நேரம் ஆனதாம்.

பிரசங்கத்தை அப்படியே விழுங்கிவிட்டு வந்துவிட்டோம். அந்த முடிச்சைப் பற்றிப் பேச எங்களுக்கு யோக்கியதை இல்லை.

பெட்டி விஷயம் வருகிற மாதம் இரண்டாவது ஞாயிறு கூட்டத்தில் மறுபடி வருகிறது. எதிர்க்கருத்து உள்ளவர்களும் அவசியம் வாருங்கள், தம்பியும் நாங்களும் முந்தின நாள் அன்னதானத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் சோறு பரிமாறுவோம், சண்டை ஏதும் இல்லை. இன்னொன்று. அக்காவின் கணவருக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். செவ்வாயும் வியாழனும் மகன் கூட்டிப் போகிறார். சனிக்கிழமை காலை 6 மணிக்குப் போக ஆள் இல்லை. கார் வைத்திருக்கிறவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை எடுத்துக்கொண்டால் நாலு பேர் போதும். இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு பேர் வேண்டும். முடிந்தவர்கள் தனித் தகவல் அனுப்புங்கள்.